படுத்துப் பார்த்த வீடு

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் கரண்ட் மீட்டர் தனியா பொதுவா என்று கேட்பார்கள். பெரியக்கா இது எதையும் செய்ய மாட்டார். செருப்பை வாசலில் விடுவார். கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறிக் கூடத்தின் நடுவில் விரிப்பார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார். படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஹவுஸ் ஓனரும் புரோக்கரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

வீடு கேட்டு வந்த பொம்பளை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் ஓனருக்கு எப்படி இருக்கும்? திருப்போரூரில் ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஐம்பது வயசுக்கு மேற்பட்ட ஒரு பெண்மணி மல்லாந்து கிடப்பதைக் கண்டு, நெஞ்சுவலி வந்துவிட்டதென்று பயந்து, சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பெரியக்கா ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து, தூங்கிப் பார்க்கிறேன், சத்தம் போடாதே நைனா என்றார். அந்த வீடு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பெரியக்கா என்று நாங்கள் கூப்பிட்டவர், செங்கல்பட்டில் வீடில்லாத பெண்களும் பிள்ளைகளும் தங்கும் ஓர் இல்லத்தின் வார்டன். நானும் என் மகளும் அங்கே ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தோம். அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் திட்டுவார். இல்லத்தைப் பற்றி எழுத வந்த ஒரு பத்திரிகைக்காரப் பெண்ணிடம், என் பேர் உனக்கு எதற்கு, இங்கே ஜன்னலுக்குக் கொசுவலை இல்லை, அதைப் போய் எழுது என்று சொல்லி அனுப்பியவர் அவர். ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன்.

இல்லம் இருந்த கட்டடம் முன்பு ஒரு சின்னக் கல்யாண மண்டபம். ஊரில் ஏசி மண்டபங்கள் வந்த பிறகு இதை யாரும் எடுக்கவில்லை, ஏதோ அறக்கட்டளைக்காரர்கள் வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் நாங்கள் துணி காயப்போடுவோம். சாப்பாட்டு ஹாலில் பாய் விரித்துப் படுப்போம். ஒரு மூலையில் 'மணமகள் அறை' என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதிய கதவு இருந்தது. புதிதாக வருகிறவளை அந்த அறையில்தான் முதலில் படுக்க வைப்பார்கள். புருஷன் அடி தாங்காமல் ஓடி வந்தவளை நேராக மணமகள் அறைக்குள் அனுப்பினால் அவள் சிரிப்பாளா, அழுவாளா? அந்த எழுத்தை அழித்துவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு, மண்டபத்திலேயே கதவும் நிலையும் ஒழுங்காகப் பொருந்துகிற அறை அது ஒன்றுதான், பேர் எப்படி இருந்தால் என்ன என்று பெரியக்கா சொல்லிவிட்டாராம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு பஸ் கண்டக்டரால்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் கணவரோடு வாடகைக்கு இருந்தேன். இருக்க முடியாத நிலை வந்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு திருப்போரூரில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் வீடு ஒரே அறை. அண்ணிக்கு நானும் என் பெண்ணும் அதிகப்படி. அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் இடத்தில் நான் இருந்தாலும் முகம் சுண்டித்தான் போயிருக்கும். ஒருநாள் வேலை கிடைத்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டுப் பையோடு கிளம்பினேன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் கோயில் மண்டபம், ரயில்வே ஸ்டேஷன், பஸ்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அந்த ஒரு சலுகை இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போமோ. திருப்போரூரில் ஏறுவோம், செங்கல்பட்டில் இறங்குவோம், அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவோம். கையில் டிக்கெட் இருக்கும் வரை எழுந்து போ என்று யாரும் சொல்ல முடியாது. மகள் என் மடியில் தூங்குவாள். நான் தூங்க மாட்டேன். யாராவது பையை எடுத்துவிடுவார்களோ, பெண்ணைத் தொட்டுவிடுவார்களோ என்று கண் எரிய எரிய முழித்துக்கொண்டு வருவேன். எதிரே வருகிற லாரி இரண்டாகத் தெரியும். மீசை நரைத்த ஒரு கண்டக்டர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் காலையில் செங்கல்பட்டில் எல்லோரும் இறங்கும் வரை பொறுத்திருந்து, குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"யம்மா, ரயில்வே கேட்டாண்ட ஒரு பழைய மண்டபம் கீது. பொம்பளைங்க தங்கற எடம். போய் கேளு. சொம்மா எத்தினி ட்ரிப்பு அடிப்ப?"

எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் போனேன்.

போகிற வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எங்கே ஆரம்பிப்பது, எதைச் சொல்லாமல் விடுவது, எந்த இடத்தில் தழும்பைக் காட்டுவது என்றெல்லாம் தயாராக இருந்தேன். ஏனென்றால் அதுவரை போன இடத்திலெல்லாம் கதையைக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்தார்கள். கதவைத் திறந்த பெரியக்கா குட்டையாக, கனமாக, தலைமுடியை உச்சியில் கொண்டை போட்டு நின்றார். நான் "அக்கா, என் பேரு" என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். என் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டாக்டர்கள் கண்ணை இழுத்துப் பார்ப்பார்களே, இழுக்காமல் அப்படிப் பார்த்தார்.

"உன் கத எங்கயும் ஓடிப்பூடாது. மொதல்ல படு."

எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் யார், உங்களை நம்பி நான் எப்படிப் படுப்பது, என் பெண்ணை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சத்தமாகவே கேட்டேன். அவர் முகம் மாறவில்லை.

"நம்பாத. பொண்ண பக்கத்துலயே போட்டுக்கோ. தாப்பா உள்ளருந்து போட்டுக்கோ. நானே வந்து தட்னாலும் தொறக்காத."

அந்த வார்த்தைக்காக இந்தப் பெண்மணியை நான் சாகும்வரை கும்பிடுவேன். அதுவரை என்னிடம் எல்லோரும் நம்பு நம்பு என்றுதான் சொன்னார்கள். நம்பாதே, தாழ்ப்பாள் போட்டுக்கொள் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். மணமகள் அறையின் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டேன். அது இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எப்போது படுத்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது. எழுந்தபோது பக்கத்தில் மகள் இல்லை, கதவு திறந்திருந்தது. பதறிக்கொண்டு வெளியே ஓடினேன். அவள் தானே தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நீ எழுந்திருக்கவே இல்லம்மா, பசிச்சுது என்றாள்.

வந்தவுடன் பேர், ஊர், காரணம் எல்லாம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. பெரியக்கா அதற்கு மட்டும் கட்டுப்பட மாட்டார். தூங்காதவளிடம் கேட்டால் அவள் பெயரையே தப்பாகச் சொல்லுவாள் என்பார். இதற்காக மாதாமாதம் ஆபீசில் திட்டு வாங்குவார். திட்டு வாங்கிவிட்டு வந்து மோர் குடிப்பார். அதோடு முடிந்தது.

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் தூக்க மாத்திரை. அவருக்கும் தெரியும். மாத்திரை வருகிறது என்று யாராவது முணுமுணுத்தால், இவளுக்கு ரெண்டு கொடு என்று அவரே சொல்லிவிட்டுப் போவார். யார் தூங்கினாலும் அவருக்குத் திருப்திதான், அது எந்த வேளையாக இருந்தாலும் சரி. பகலில் ஒருத்தி படுத்திருந்தால் மற்ற இடங்களில் சோம்பேறி என்பார்கள். இங்கே அவள் பக்கமாக நடக்கிறவள் கொலுசைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். குக்கர் விசில் வைக்கக் கூடாது, பானையில்தான் சோறு. ஆடி மாதம் தெருமுனை அம்மன் கோயிலில் கூம்பு ஸ்பீக்கர் கட்டினால் பெரியக்கா போய்விடுவார். சண்டை போட மாட்டார். பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அண்ணாத்த, அந்தக் குழாயைக் கொஞ்சம் ஏரிப் பக்கம் திருப்பேன், மீனுக்கும் அம்மன் பாட்டு கேட்கட்டும் என்பார். திருப்பிவிடுவார்கள்.

ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு கம்பெனி முதலாளி தன் பிறந்தநாளை எங்களோடு கொண்டாட வந்தார். காரில் பிரியாணி அண்டா, கேக், போட்டோ எடுக்க ஓர் ஆள், கூட அவருடைய குடும்பம். அன்று காலையில்தான் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து மணமகள் அறையில் படுத்திருந்தாள். பெரியக்கா வாசலிலேயே நின்று உதட்டில் விரலை வைத்துவிட்டார். அந்த முதலாளி வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னுடைய பிறந்தநாள் பாட்டைக் கிசுகிசுப்பாகக் கேட்டிருப்பார். கை தட்டக் கூடாது என்பதால் எல்லோரும் கையை உரசிக்கொண்டோம். போட்டோக்காரருக்குப் பிளாஷ் கூடாது என்று உத்தரவு. சாப்பாடு முடிந்து பார்த்தால் அந்த முதலாளி மேடை ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அவர் மனைவி எழுப்பப் போனார். பெரியக்கா தடுத்தார். பாவம், அங்கே வீட்டில் தூங்க விடமாட்டார்கள் போல என்றார். அடுத்த வருஷமும் அவர் வந்தார் என்று கேள்விப்பட்டேன்.

இப்படியே எழுதினால் அவரை ஒரு தெய்வம் ஆக்கிவிடுவேன். அப்படி இல்லை. அழுகிறவளைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அழுதால் எழுந்து போய்விடுவார். துணி சோப்பை நூல் போட்டு அறுத்துப் பாதி பாதியாகத்தான் தருவார். படுக்கும் நேரத்தில் போனையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொள்வார், அதற்காக ஒருத்தி இல்லத்தை விட்டே போனாள். பொறுமை என்பது அறவே இல்லை. செய்யூர்ப் பக்கத்துக்காரர், அப்பா சவுக்கு வெட்டப் போனவர் என்பது வரைக்கும் சொல்லியிருக்கிறார். கல்யாணம் ஆனதா, பிள்ளைகள் உண்டா, எந்த வீட்டில் எத்தனை நாள் தூங்காமல் இருந்தார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஆளுக்கொரு கதை கட்டி வைத்திருந்தோம். எதுவும் நிஜமாக இருந்திருக்காது.

இனி என் வீட்டுக் கதை.

இல்லத்தில் நிரந்தரமாக இருக்க முடியாது. ஒருத்தி எழுந்தால்தான் இன்னொருத்திக்கு இடம். எனக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. அறை பெருக்குவது, படுக்கை விரிப்பது. இன்றும் அதே வேலைதான். பஞ்சு மெத்தையில் படுத்துவிட்டுத் தூக்கமே வரவில்லை என்று காலையில் புகார் சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பெரியக்காவைக் கூட்டி வந்து விடலாமா என்று தோன்றும். வேலை கிடைத்ததும் அறக்கட்டளையிலிருந்து சொல்லிவிட்டார்கள்: பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்க முடியாவிட்டால் என்னை வேறு மாவட்டத்தில் இருக்கும் இல்லத்துக்கு மாற்றுவார்கள். அங்கே பள்ளிக்கூடம் போகும் வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொள்ள மாட்டார்கள், மகளை ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும். அவர்கள் மேல் தப்பில்லை, வாசலில் எப்போதும் யாராவது நிற்கிறார்கள். ஆனால் பஸ்ஸில் என் மடியில் தூங்கிய பெண்ணை எங்கேயோ ஒரு ஹாஸ்டலில் விட்டுவிட்டு நான் எப்படி இருப்பேன்? மே மாதம் முழுக்க எனக்கு அந்தப் பயம்தான்.

என் வார லீவு நாளில் பெரியக்காவும் நானும் கிளம்புவோம். வீடு காலி என்று போர்டு தொங்கும். கதவு திறந்தவுடன் ஓனர்கள் கேட்கும் முதல் கேள்வி, வீட்டுக்காரர் என்ன பண்றார். புரோக்கர் எங்களுக்கு யோசனை சொல்லித் தந்தார், துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று. பெரியக்கா ஒத்துக்கொள்ளவில்லை. துபாயிலிருந்து ஒருநாள்கூட வரவில்லையே என்று ஓனர் கேட்பான், அன்றைக்குத் தூக்கம் போய்விடும் என்றார். வீட்டுக்காரர் இல்லை, இவளும் பெண்ணும்தான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லுவார். பாதிக் கதவுகள் அங்கேயே மூடிவிடும். மூடாத வீடுகளில் படுத்துப் பார்ப்பார். எழுந்து, வேணாம் என்பார். ஒரு வீட்டில் ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. ஒரு வீட்டில் கழிப்பறை தெருவுக்கு அந்தப் பக்கம். ஒரு வீட்டில் மாடிப்படி என் வாசலை ஒட்டிப் போனது, மாடியில் தங்கியிருந்தவர்கள் வெளியூர் ஆண்கள். பொறுத்துக்கொண்டேன்.

நெம்மேலிப் பக்கம் பார்த்த வீட்டில்தான் எனக்குப் பொறுமை போயிற்று. கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் ஆலைக்குக் கொஞ்சம் தள்ளி, சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் அமைதியான தெரு. டைல்ஸ் தரை, தனிக் குழாய், வேலைக்கு நடந்தே போகலாம். ஓனர் வயசானவர், மரியாதையாகப் பேசினார். கணவர் இல்லை என்றதும் முகம் சுளிக்கவில்லை. அதனால் என்னம்மா, என் பொண்ணு மாதிரி என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியக்கா துண்டை விரித்துப் படுத்தார். வெளியே நின்றுகொண்டு நான் வேண்டாத சாமி இல்லை. கதவைத் திறந்து வந்தவர், நடுவில் ஒரு கதவு இருக்கிறதே, அது எங்கே போகிறது என்று கேட்டார். எங்கள் வீட்டுக்குத்தான், முன்னால் ஒரே வீடாக இருந்தது என்றார் ஓனர். அதன் தாழ்ப்பாள் அவர் பக்கம் இருந்தது. எங்கள் பக்கம் ஒன்று அடித்துக் கொடுங்கள் என்றார் பெரியக்கா. ஓனர் சிரித்தார்.

"நம்ம வூடு மாதிரிதானே. நமக்குள்ள எதுக்குமா தாப்பா?"

பெரியக்கா துண்டை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நான் வாய்விட்டுக் கத்தினேன். உங்களுக்கு எந்த வீடும் பிடிக்காது, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, பெண்ணை ஹாஸ்டலில் தள்ளப் போகிறேன், அவர் நல்ல மனுஷர், அப்படியே பயமாக இருந்தால் அந்தக் கதவுக்கு முன்னால் என் டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டுக்கொள்வேன் என்றேன். பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை.

"அந்தாளு நல்லவனாவே இருக்கட்டும். நீ பொட்டிய கதவாண்ட வெச்சிட்டு, அந்தப் பொட்டிக்கு காவலா முழிச்சினு இருப்ப. அப்ப பஸ்ஸுக்கும் வூட்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

 பஸ் வந்ததும் அவரை விட்டுத் தள்ளி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

அதற்கடுத்த வாரம் புரோக்கர் காட்டிய வீடு திருப்போரூர் போகிற வழியில் ஓர் ஊரில். அதைப் பார்த்தவுடனே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில். அரவை ஓடினால் வீட்டின் ஓடு வரைக்கும் அதிரும். வாசலில் அரிசியும் மிளகாயும் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நெடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. எதிரே பஸ் ஸ்டாப், ஹாரன். கொலுசுச் சத்தத்துக்கே ஆளைக் கொல்லுகிறவர் இங்கே எங்கே படுக்கப் போகிறார்? போன வாரம் நான் போட்ட சத்தத்துக்காகப் பேருக்கு ஒருமுறை பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் வழக்கம்போலத் துண்டை விரித்தார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு சத்தம் கேட்டது.

வெகுநேரம் வரவில்லை. ஓனர் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர், ஞாயிறு சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த புடவையோடு நின்றார். உங்க அக்கா உள்ளே என்ன பண்றாங்க என்று என்னிடம் கேட்டார். தூக்கம் வருதான்னு பாக்கறாங்க என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மில்லு ஓடும்போதா என்று கேட்டார்.

பெரியக்கா கதவைத் திறந்தார். கன்னத்தில் துண்டின் கோடு பதிந்திருந்தது. "இதான்" என்றார்.

 நெம்மேலியில் அத்தனை அமைதியான வீட்டை வேண்டாம் என்றீர்கள், இந்த இரைச்சலிலா நாங்கள் தூங்குவோம் என்று கேட்டேன். இல்லத்தில் குக்கர் விசில்கூடக் கூடாது என்கிறீர்களே என்று கேட்டேன்.

"அங்க வந்து படுக்கறவளுக்கு எந்தச் சத்தமும் யாரோ வர்ற சத்தம்டி. தூக்கத்த சத்தம் கெடுக்காது, பயந்தான் கெடுக்கும். இங்க பாரு, பொழுது முச்சூடும் வாசல்ல பத்து பொம்பளைங்க குந்திகினு கீறாங்க. ராத்திரிக்கு ரெண்டு தாப்பா கீது. எவன் வந்து உன் கதவ தட்டுவான்?"

பிறகு ஓனர் அம்மாவிடம் திரும்பி, வீட்டுக்காரர் இல்லை, இவளும் பொண்ணும்தான் என்றார்.  அந்த அம்மா மில்லுக்கு வருகிறவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, அரைக்க வருகிறவர்கள் உன் வாசற்படியில்தான் உட்காருவார்கள், அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது, அதற்குச் சம்மதம் என்றால் வா என்றார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் குடிபோனோம். சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெரியக்கா வரவில்லை, பால் காய்ச்சுவதற்கெல்லாம் அவர் போகிற வழக்கம் இல்லை. அன்று புதிதாக ஒருத்தி வந்திருந்ததால் எங்களை அனுப்பும்போது வாசல் வரைகூட வரவில்லை, கையை மட்டும் ஆட்டினார். எனக்கு மனசு கொஞ்சம் சுருக்கென்றது. இப்போது அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள், இல்லம் வேறு ஊருக்குப் போய்விட்டது, பெரியக்கா செய்யூர்ப் பக்கம் எங்கேயோ இன்னோர் இல்லத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அங்கேயும் யாரையாவது கொலுசைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருப்பார்.

குடிபோன மறுநாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். முந்தின ராத்திரியே புத்தகப் பை, வாட்டர் பாட்டில் எல்லாம் தயார் செய்துவிட்டு, மேலே ஒன்று கீழே ஒன்று இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டுப் படுத்தோம். யாரோ ஜன்னலைத் தட்டுகிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். தரையில் வெயில் கிடந்தது. மில் ஓடிக்கொண்டிருக்கிறது, பாத்திரங்கள் அதிர்கின்றன, வாசலில் பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மிளகாய் அரைக்க வந்த ஒரு பெண், உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தட்டியிருக்கிறாள். பக்கத்தில் மகள் காலை என் மேல் போட்டுக்கொண்டு அசையாமல் தூங்குகிறாள். பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பீரியடே முடிந்திருக்கும்.

எனக்கு வெட்கமும் பயமும். ஒரு வீட்டைக் கொடுத்தால் இப்படியா என்று பெரியக்கா திட்டப் போகிறார். ஆனாலும் முதலில் அவரிடம்தான் சொல்லத் தோன்றியது. போன் செய்தேன். அவர் குரல் தாழ்ந்திருந்தது, யாரோ தூங்குகிறார்கள் போல. அக்கா, இப்போதுதான் எழுந்தேன், பொண்ணுக்கு முதல் நாளே ஸ்கூல் போச்சு என்றேன்.

"மில்லு ஓடலியா?"

"ஓடுதுக்கா. கேக்கவே இல்ல."

  பெரியக்கா குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப சரி. உங்க பாய எடுத்து இன்னொருத்திக்கு விரிச்சிடறேன்."

நாங்கள் கிளம்பின உடனே கொடுத்திருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றேன். மொத ராத்திரி தூங்காதவ மறுநாளே திரும்பி வந்துடுவா, அப்ப எங்க படுக்க வெப்பேன் என்று கேட்டார். நான் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நன்றி சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள், போன வையி, ஒருத்தி நின்னுகினு கீறா என்று சொல்லி வைத்துவிட்டார்.